ஊசி போட்ட பின் எனக்கு மட்டும் காய்ச்சல் ஏன்?

குடியாத்தம் அருகே ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரியும் 47 வயது வாசகி ஒருவரின் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். "சென்ற ஆண்டு புரட்டாசியில் நானும் என் கணவரும் ஒரே நாளில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டோம். அன்றிரவே எனக்குக் கை வீங்கிவிட்டது. மறுநாள் முழுவதும் காய்ச்சலும் உடம்பு வலியுமாகப் படுத்திருந்தேன். அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. 'ரத்தம் இல்லாத உடம்பு, ஊசியைத் தாங்கவில்லை' என்கிறார் என் மாமியார். என் கணவரோ, தமக்கு ஊசி வேலையே செய்யவில்லை என்று சொல்லி, இந்த ஆண்டு வேண்டாம் என்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பெண்களுக்குப் பாதி அளவு மருந்தே போதும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்ததே, அது உண்மையா? ஆரணியில் இருக்கும் என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்கு நான் என்ன சொல்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கை வீங்கியதும் ஒரு நாள் காய்ச்சல் அடித்ததும் உங்கள் உடம்பு பலவீனமானது என்பதற்கு அடையாளம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கையில் ஊசியாகப் போடும் ஃப்ளூ தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள்தான் அதில் முக்கியமாக இருக்கின்றன, அவற்றால் ஃப்ளூ நோயை உண்டாக்க முடியாது. அந்தப் புரதத்தை அந்நியப் பொருள் என்று கண்டுகொண்ட உங்கள் நோயெதிர்ப்பு மண்டலம், வெள்ளையணுக்களை அந்த இடத்துக்கு அழைக்கவும் உடல் வெப்பத்தை உயர்த்தவும் சில வேதிப்பொருள்களைச் சுரந்தது. நீங்கள் அனுபவித்த வலியும் காய்ச்சலும் அந்த வேலையின் வெளித்தோற்றமே. இவ்வாறான எதிர்விளைவுகள் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படுகின்றன என்பது மருத்துவ ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. பெண்கள் வலியை அதிகமாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று இதை ஒதுக்கிவிட இயலாது. கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய சிவப்பும் வீக்கமும்கூட அவர்களிடமே அதிகம்.

உங்கள் மாமியார் குறிப்பிட்ட இரத்தக் குறைவு இதனுடன் தொடர்பில்லாத, ஆனால் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். நம் மாவட்டத்துப் பெண்கள் பலருக்கு அது உண்டு. ஒரு முறை ஹீமோகுளோபின் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அதற்குச் சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் குறைவைக் காரணம் காட்டித் தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டியதில்லை.

இனி, ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்த வேறுபாடு ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில் உங்கள் கடிதத்தின் மற்றக் கேள்விகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. தடுப்பூசி போட்ட சுமார் இரண்டு வாரங்களில், ஃப்ளூ வைரஸைப் பற்றிப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள்கள், அதாவது மருத்துவர்கள் ஆன்டிபாடி என்று சொல்பவை, இரத்தத்தில் பெருகுகின்றன. ஒரே அளவு மருந்தைப் பெற்ற ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டால், பெண்களின் இரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் சராசரியாக அதிகமாக இருக்கிறது. இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று, உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியின் மூலமாகவும் இருக்கக்கூடும். 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃப்ளூ தடுப்பூசிக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. இருக்கும் மருந்தைப் பகிர்ந்து போட முடியுமா என்று அறிய, அந்நாட்டு இராணுவ மருத்துவர்கள் 18 முதல் 64 வயது வரையிலான ஆரோக்கியமான 1,100-க்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து, சிலருக்கு முழு அளவும் சிலருக்குப் பாதி அளவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான அதன் முடிவில், பாதி அளவு பெற்ற பெண்களின் எதிர்ப்பொருள் அளவு, முழு அளவு பெற்ற ஆண்களின் அளவை ஏறத்தாழ எட்டியிருந்தது.

இது வியக்கத்தக்க முடிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு பெண்களுக்குப் பாதி போதும் என்று சொல்வது தவறு. அந்த ஆய்வு அளந்தது இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளை. அடுத்து வந்த பருவத்தில் யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்பதை உறுதியாகச் சொல்லும் வகையில் அது வடிவமைக்கப்படவில்லை. அதில் பங்கேற்றவர்களும் ஆரோக்கியமானவர்கள். கர்ப்பிணிகள், முதியவர்கள், நாள்பட்ட நோயுள்ளவர்கள் ஆகியோரைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. மேலும், சராசரி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி. பெண்களுக்குள்ளேயே ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையிலான வேறுபாடு, ஆண் பெண் சராசரிகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கும். ஆகையால் எந்த நாடும் பெண்களுக்கு அளவைக் குறைத்துக் கொடுக்கவில்லை. நீங்களும் முழு அளவையே போட்டுக்கொள்ள வேண்டும். அதே சமயம், மருந்துகளையும் தடுப்பூசிகளையும் சோதிக்கும்போது ஆண், பெண் முடிவுகளைத் தனித்தனியே வெளியிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அமெரிக்காவிலேயே அரசு நிதி பெறும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தாக வேண்டும் என்ற சட்டம் 1993-இல்தான் வந்தது. இன்றும் எத்தனையோ ஆய்வறிக்கைகள் இருபாலரையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணைத் தருகின்றன. உங்களைப் போன்றோரின் கேள்விக்குத் துல்லியமாக விடை சொல்லத் தேவையான செய்தி அந்தக் கூட்டலில் மறைந்துபோகிறது.

வேறுபாட்டின் காரணங்களுள் ஒன்று பிறப்பிலேயே அமைவது. மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் எக்ஸ் என்ற வகை பெண்களுக்கு இரண்டு இருக்கின்றன, ஆண்களுக்கு ஒன்றுதான். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று செயலற்றதாக ஆக்கப்படுகிறது என்றாலும், அதிலுள்ள எல்லா மரபணுக்களும் அடங்கிவிடுவதில்லை. நோயெதிர்ப்புக்கு முக்கியமான மரபணுக்கள் பல இந்தக் குரோமோசோமில் அமைந்திருக்கின்றன. அவற்றுள் டி.எல்.ஆர்.7 என்ற ஒன்று, ஃப்ளூ வைரஸ் சுமந்து வரும் ஒற்றை இழை ஆர்.என்.ஏ. என்ற மரபுப்பொருளை அடையாளம் காணும் புரதத்தை உருவாக்குகிறது. பெண்களின் நோயெதிர்ப்புச் செல்கள் சிலவற்றில் இந்த மரபணுவின் இரு பிரதிகளுமே செயல்படுவதை 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாப்ரா கிளைன் குழுவினர் எலிகளில் செய்த ஆய்வு, தடுப்பூசிக்குப் பெண் எலிகள் உண்டாக்கும் கூடுதல் எதிர்ப்பொருளுக்கு இந்த மரபணு ஒரு முக்கியக் காரணம் என்று நிறுவியது. அதை நீக்கிய எலிகளில் ஆண் பெண் வேறுபாடு குறைந்துவிட்டது. இவ்வளவு விழிப்பான நோயெதிர்ப்புக்கு ஒரு விலையும் உண்டு. தன் உடலையே தாக்கும் தன்னுடல் தாக்கு நோய்களால் பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் பெண்கள். அவற்றுள் ஒன்றான லூபஸ் நோயில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

மற்றொரு காரணம் ஹார்மோன்கள். பெண்களிடம் அதிகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் பொதுவாக எதிர்ப்பொருள் உற்பத்திக்குத் துணை நிற்கிறது. ஆண்களிடம் அதிகம் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் அதை மட்டுப்படுத்துகிறது. 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 53 பெண்களுக்கும் 34 ஆண்களுக்கும் ஃப்ளூ தடுப்பூசி போட்டு ஆராய்ந்தபோது, டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருந்த ஆண்களிடமே எதிர்ப்பொருள் மிகக் குறைவாக உருவானது. அந்த ஹார்மோன் குறைவாக இருந்த ஆண்கள் பெண்களை ஒத்திருந்தார்கள். ஆகவே இது வெறும் ஆண், பெண் என்ற இரு பெட்டிகளின் கதை அன்று. உங்கள் வயதையும் இங்கே கருத வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்குகிறீர்கள். ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, இளம் வயதில் பெண்ணுக்கு இருந்த இந்தக் கூடுதல் வேகமும் தணிகிறது. வரும் ஆண்டுகளில் இந்த ஊசிக்கு இவ்வளவு கடுமையான எதிர்விளைவு உங்களுக்கு வராமலே போகலாம். அப்போது தடுப்பூசி வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

தடுப்பூசிக்கு நன்மையாக இருக்கும் இந்த வேகம், நோய் வரும்போதும் நன்மையாகவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃப்ளூவில் நுரையீரலைச் சேதப்படுத்துவது வைரஸ் மட்டும் அல்ல; வைரஸை விரட்ட வரும் அழற்சியும்தான். கழனிக்குப் பாயும் நீர் வரப்பை மீறினால் பயிரே அழுகுவது போல, அளவு மீறிய அழற்சி நுரையீரலின் நுண்ணறைகளில் நீர் கோக்கச் செய்து மூச்சைத் திணறடிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் முதல் முறையாக ஃப்ளூ தொற்றுக்கு ஆளாக்கப்பட்ட எலிகளில், வைரஸின் அளவு இருபாலிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தும், பெண் எலிகளுக்கு அழற்சி கூடுதலாக ஏற்பட்டு அவை அதிகமாக நலிந்தன. ஆண் எலிகளின் நுரையீரலில் திசுவைப் பழுதுபார்க்கும் ஆம்பிரெகுலின் என்ற புரதம் அதிகம் சுரந்து, அவை விரைவில் தேறின. அதே வகை எலிகளுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டபோது நிலைமை தலைகீழாகி, பெண் எலிகளே மேலான பாதுகாப்பைப் பெற்றன. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த இயலாது. எனினும் தடுப்பூசியால் அதிகம் பயன்பெறக்கூடிய ஒருவர், ஒரு நாள் காய்ச்சலுக்கு அஞ்சி அதை விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

மனிதரிடம் நோயின் கடுமையை உடற்கூறு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது. 1918-இல் உலகைச் சூறையாடிய இன்ஃப்ளூயன்சா என்னும் ஃப்ளூவில் அமெரிக்காவில் இளம் வயது ஆண்கள் அதிகம் மாண்டார்கள்; இந்தியாவிலோ பெண்கள் அதிகம் மாண்டார்கள். அந்த ஆண்டு பருவமழை பொய்த்து உணவுக்கே தட்டுப்பாடாக இருந்தது. போதிய உணவின்றி இருந்த பெண்களே வீட்டில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பொறுப்பையும் சுமந்ததை வரலாற்றாசிரியர்கள் இதற்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். 2013-இல் சீனாவில் பரவிய ஹெச்7என்9 பறவைக் காய்ச்சலில் நோயுற்றவர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள். உயிருள்ள கோழிகளை விற்கும் சந்தைகளுக்கு அவர்கள் அதிகம் சென்று வந்தது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் அழைத்த ஹெச்1என்1 பரவியபோது, கனடாவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றிய முதல் ஆய்வு ஒன்றில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். யாருக்கு நோய் தொற்றுகிறது, யார் எவ்வளவு தாமதமாக மருத்துவமனைக்கு வருகிறார் என்பவையும் சேர்ந்தே இந்த எண்களை உருவாக்குகின்றன.

உங்கள் கணவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இது. எதிர்விளைவு இல்லாமை, தடுப்பூசி தோற்றதற்கான அடையாளம் அன்று. ஊசி போட்டுக்கொள்பவர்களில் மிகப் பலருக்குக் கை வலியைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை; அவர்கள் உடலிலும் எதிர்ப்பொருள் உருவாகிறது. வீக்கத்தின் அளவைப் பார்த்துப் பாதுகாப்பின் அளவைக் கணிக்க முடியாது என்பது உங்களுக்கும் பொருந்தும். கை வீங்கியதால் உங்களுக்கு ஃப்ளூவே வராது என்று பொருள் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஃப்ளூ வந்தால் நிமோனியாவாக முற்றும் அபாயம் அதிகம். காய்ச்சல் நாட்களில் இரத்தச் சர்க்கரையும் கட்டுக்கடங்காமல் ஏறும். ஆண் என்ற முறையில் அவருக்கு எதிர்ப்பொருள் சற்றுக் குறைவாகவே உருவாகும் என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுதோறும் தவறாமல் போட்டுக்கொள்ள அதுவே காரணமாக வேண்டும். ஃப்ளூ வைரஸ் தொடர்ந்து உருமாறுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், தடுப்பூசியில் எந்தெந்த வகைகள் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. சென்ற ஆண்டு பெற்ற பாதுகாப்பும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துவிடும்.

உங்கள் மகளின் நிலை வேறு. அவருக்குத் தாமதம் வேண்டாம். கர்ப்ப காலத்தில் தாயின் நோயெதிர்ப்பு, குழந்தையை அந்நியமாகக் கருதித் தாக்கிவிடாதபடி தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது. வளரும் கருப்பை, நுரையீரலுக்குக் கீழே உள்ள உதரவிதானம் என்ற தசையை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது. இதயத்தின் சுமையும் கூடுகிறது. இவையெல்லாம் சேர்ந்து, கர்ப்பிணிக்கு வரும் ஃப்ளூவைச் சாதாரணக் காய்ச்சலாக இல்லாமல் ஆபத்தானதாக ஆக்குகின்றன. 2009-இல் உலகமெங்கும் இதைக் கண்டோம். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில் கர்ப்பிணிகளையே முதல் முன்னுரிமையாக வைத்தது. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் ஊசி வடிவிலான இந்தத் தடுப்பூசியைப் போடலாம். மூக்கில் விடும் உயிருள்ள வகையைக் கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. ஆனால் தாயிடம் உருவான எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சென்றடைகிறது. வங்கதேசத்தில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கர்ப்ப காலத்தில் தடுப்பூசி பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்திருந்தது. உங்கள் மகள் அடுத்த முறை பரிசோதனைக்குச் செல்லும்போது தம் மகப்பேறு மருத்துவரிடம் இதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும். ஊசிக்குப் பின் உங்களைப் போலவே அவருக்கும் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம்.

உங்களுக்கும் கணவருக்கும் எப்போது போடுவது என்பதற்கு நம் பகுதியின் பருவத்தைப் பார்க்க வேண்டும். வட இந்தியாவின் பல நகரங்களில் தென்மேற்குப் பருவமழையின்போது ஃப்ளூ உச்சமடைகிறது. வேலூரிலும் சென்னையிலும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் அது உச்சமடைவதாகக் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எதிர்ப்பொருள் உருவாக இரண்டு வாரம் வேண்டும் என்பதால், ஆவணி முடிவதற்குள் போட்டுக்கொள்வது நல்லது. பள்ளி விடுமுறைக்கு முந்திய நாளில் போட்டுக்கொண்டால் மறுநாள் ஓய்வெடுக்க முடியும். அன்று சமையலையும் வீட்டு வேலையையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசிக்கு முன்பே பாரசிட்டமால் விழுங்க வேண்டாம். காய்ச்சலோ வலியோ வந்த பிறகு எடுத்துக்கொண்டால் போதும். முன்பு இதே ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சுத்திணறல், முகவீக்கம், மயக்கம் போன்ற கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது அத்தகையது அன்று. போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்துவிட்டு வீட்டுக்குச் செல்லுங்கள்.

தடுப்பூசி போட்டும் ஃப்ளூ வரலாம். வந்தால் பெரும்பாலும் கடுமை குறைந்திருக்கும். அப்போது நீங்கள் நேரத்தைக் கடத்தக் கூடாது என்பதுதான் என் கவலை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1900-இல் அங்கே ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கியதற்கு, ஆண் மருத்துவரிடம் காட்ட வீட்டார் மறுத்ததால் பெண்கள் பிரசவத்தில் இறந்ததே தூண்டுதல். அன்றைய தடைகள் பெரிதும் நீங்கிவிட்டன. ஆயினும் வீட்டில் எல்லோரையும் கவனித்து முடித்து, நான்காம் நாளில் மூச்சு வாங்க வந்து சேரும் பெண்களை ஒவ்வோர் ஐப்பசியிலும் பார்க்கிறேன். ஃப்ளூவுக்கான ஓசல்டமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பயன் தரும். உங்கள் கணவருக்கோ மகளுக்கோ காய்ச்சலுடன் இருமலும் உடம்பு வலியும் தொடங்கினால் முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நிலவேம்புக் கஷாயம் குடித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அந்த மாதங்களில் டெங்குவும் சேர்ந்தே பரவுவதால், மருத்துவர் பார்க்கும் வரை பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். உங்களுக்கே வந்தாலும் மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல், அல்லது சற்றுத் தணிந்த காய்ச்சல் மறுபடி ஏறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால், பக்கத்தில் இருக்கும் குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கோ வேறு மருத்துவமனைக்கோ அன்றைக்கே சென்றுவிடுங்கள்.